மீனின் வாலுக்குக் கீழே ஒரு கை

போர்ட் கிள்ளானில் ஆட்களைத் தூண்டில் போடக் கடலுக்குக் கூட்டிப்போகும் தம்பிகள் இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைக்காமல் நான் வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. ஆனாலும் என்னை அந்தக் குழுவிலிருந்து எடுக்கவில்லை. காலையில் நீரோட்டம் பற்றிப் பேசுவார்கள். மத்தியானம் மீன் படங்கள் வரும். நான் படுத்தபடியே பார்ப்பேன்.

போன மாதம் பேச்சு வேறு பக்கம் போனது. மீன்பிடிப் போட்டிகளில் நாமும் இறங்கலாமா, வேண்டாமா?

"இப்பல்லாம் கஸ்டமர் போன் எடுத்தாலே, எத்தனை டோர்னமெண்ட் அடிச்சிருக்கீங்கன்னுதான் கேக்குறான். என்ன சொல்றது?" என்று ஒருவர் குரல் பதிவு போட்டார்.

"தேவா அண்ணன் ஒரு தடவ போனாரு இல்ல? அவர கேளுங்க லா."

"ஆமாண்ணே, என்னதான் நடந்துச்சு? ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க."

குரல் பதிவில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. ஸ்டெல்லா அக்கா யார் என்று சொல்லாமல் அந்தப் போட்டியைச் சொல்ல முடியாது. அக்காவைச் சொல்ல ஆரம்பித்தால் குரல் பதிவு போதாது. அதனால் எழுதுகிறேன். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கு மேல் படித்ததெல்லாம் பழைய பேப்பரும் லோரிகளின் பின்னால் எழுதியிருப்பதும்தான்.

செமினி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். சண்டை எதுவும் இல்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாத உடம்பு, அவ்வளவுதான். சாலாக் செலாத்தானில் ஒரு சீனர் பட்டறையில் டயர் கழற்றினேன். ஜோகூரில் மீ என்ற நூடுல்ஸ் செய்யும் தொழிற்சாலையில் மாவு பிசைந்தேன். லோரியில் உதவியாளாக நாடு முழுக்கச் சுற்றினேன். ஈப்போ போகும் வழியில் லோரிக் கதவு சாத்தி இடது கைச் சுண்டுவிரலின் நுனி போனது. டிரைவர் ஒரு துணியைச் சுற்றிவிட்டு, "இன்னும் ஒன்பது இருக்கு லா" என்றார். சரிதான் என்று பட்டது. அடுத்த லோடை இறக்கினேன். எந்த வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை.

முப்பத்தாறு வயதில் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன ஜெட்டி. அதில் இரண்டு படகுகள். சொந்தக்காரர் ஒரு பெண். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கார்டு. கணவர் இறந்ததும் படகுகளை விற்றுவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் விற்கவில்லை. லைசன்ஸ் எடுத்துத் தானே ஓட்ட ஆரம்பித்தார். என்னைவிட ஆறு ஏழு வயது மூத்தவர். அவர்தான் ஸ்டெல்லா அக்கா.

ஒருநாள் அவருடைய படகை இழுத்துக் கட்ட ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். கட்டினேன். முடிச்சைப் பார்த்தார், அவிழ்த்தார், மறுபடி கட்டச் சொன்னார். நான்கு முறை. ஐந்தாவது முறை அவிழ்க்கவில்லை.

"நாளைக்கு ஆறு பத்துக்கு வா" என்றார்.

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. இரண்டு வருடம் தாண்டாதவன் அங்கே இருபத்தைந்து வருடம் இருந்தேன்.

ஆறு பத்து என்றால் ஆறு பத்து. அக்கா கையில் அப்பாவின் ரயில்வே காலத்துக் கடிகாரம், பெரிய ஆண்கள் கடிகாரம், முகம் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்கும்படி கட்டியிருப்பார். சுக்கானைப் பிடித்தபடியே மணி பார்க்க அதுதான் வசதி. படகு கிளம்புமுன் அவர் செய்வதை நான் இருபத்தைந்து வருடம் பார்த்தேன், ஒருநாள் கூட வரிசை மாறியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். எண்ணெய்த் தொட்டியின் மூடியை முகர்ந்து பார்ப்பார். அடியில் தேங்கிய தண்ணீரை விரலால் தொட்டு, எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று தேய்த்துப் பார்ப்பார். ஒவ்வொரு லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியையும் மாட்டிக் கழற்றுவார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, அவர்கள் மாட்டிய கொக்கியை ஒருமுறை தன் கையால் இழுத்துப் பார்ப்பார். டத்தோ பட்டம் வாங்கியவரானாலும் இழுப்புதான். ஒரே ஒருநாள் தவிர அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஒரு விடியலில் பெரிய கம்பெனி ஆட்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். வானம் தலைக்கு மேல் தெளிவு. அக்கா மேற்கே பார்த்தார். கடலும் வானமும் சேரும் இடத்தில், பென்சிலால் கோடு போட்டமாதிரி கறுப்பாக ஒன்று. சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று. அக்கா படகுச் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "கொஞ்ச நேரம் ஆகும். கோப்பி குடிங்க" என்றார்.

வந்தவர்களின் தலைவர் கத்தினார். "வானத்தைப் பாருங்கம்மா! ஒரு மேகம் இல்ல! எங்களுக்கு டைம் வேஸ்ட் ஆவுது!"

"சீனி போடவா, வேணாமா?" என்று கேட்டார் அக்கா.

அவர் இன்னும் ஏதேதோ சொன்னார். அக்கா சீனியைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். இருபது நிமிடத்தில் காற்று அடித்தது. எங்கள் கொட்டகையின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு சாலைக்குப் போனது. மழை விட்டதும் அக்கா சாவியை எடுத்து, "கிளம்பலாமா?" என்றார். அந்த ஆள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கோப்பியை முழுக்கக் குடித்திருந்தார். அக்கா அதுவே போதும் என்பதுபோல அவர் கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமான ஒன்றை நான் தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம். கை நடுக்கம் உள்ள ஒரு பெரியவர் மகளோடு வந்தார். அந்த மாதிரி ஆட்களுக்கும் புதியவர்களுக்கும் நாங்களே கம்பைப் பிடித்திருப்போம். மீன் இரையைத் தொடுவது முதலில் விரலுக்குத்தான் தெரியும். புதியவர்களுக்கு அந்த விரல் இருக்காது. நான் பிடித்திருந்தேன். கடித்தது. வெட்டி இழுத்தேன், முள் மாட்டியது. கம்பு வளைந்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. நானே சண்டை போட்டு, நானே படகுக்குள் ஏற்றினேன். நல்ல செனாங்கின் மீன், தமிழில் காலா என்பார்கள். பெரியவர் கைதட்டினார். மகள் படம் எடுத்தாள். நான் பெருமையாக ஜெட்டிக்கு வந்தேன்.

அக்கா படத்தைப் பார்த்தார். "யாரு இழுத்தது?"

"நான்தான்க்கா. அவருக்குக் கை நடுங்குது."

"அவரு மீன் வேணும்னு வரல தேவா. மீன் வேணும்னா பாசார்ல இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரைத் திரும்ப வரச் சொன்னார். அன்று நான் முள்ளை மாட்டிய கையோடு கம்பை அவர் கையில் கொடுத்தேன், அடியை அவர் வயிற்றில் ஊன்றிவிட்டேன், பக்கத்தில் நின்றேன். வந்தது வெறும் டூரி. சேற்றில் கிடக்கும் கெளுத்தி, யாரும் விரும்பாத மீன். பெரியவர் பத்து நிமிடம் இழுத்தார். மேலே வந்ததும் அவர் சிரித்த சிரிப்பை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

"கடிச்ச பிறகு கம்பு உன் கையில இருக்கக் கூடாது. ஒரு நிமிஷம் கூட" என்றார் அக்கா. அதுதான் எங்கள் ஜெட்டியின் சட்டம். கொடுத்த பிறகு திரும்ப வாங்கவும் கூடாது. மீன் போனாலும் அவர்கள் கையிலிருந்தே போகட்டும்.

அன்றிலிருந்து நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். டாக்டர்கள், லோரி டிரைவர்கள், கல்யாணமான மறுநாள் வந்த ஜோடிகள், கண் தெரியாத ஒரு பாஸ்டர். எல்லாரிடமும் ஒரே பேச்சு: "பிடிங்க. வயித்துல வச்சுக்குங்க. நுனியை மேல தூக்குங்க." மீன் மேலே வந்ததும் வலையில் அள்ளி, அவர்கள் கையில் கொடுத்து, படம் எடுக்கும்போது கனம் தெரியாமலிருக்க வாலுக்குக் கீழே என் இடது கையை வைப்பேன். அப்படி எத்தனை படங்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டுச் சுவரில் இருக்கின்றனவோ. எதிலும் என் முகம் இருக்காது. ஓரத்தில் நுனி இல்லாத ஒரு சுண்டுவிரல் இருக்கும்.

இருபது வருடம் இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. போட்டிகள் பெருகிய பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து ஜெட்டியில் ஒருவர் போட்டியில் ஜெயித்துக் கோப்பையோடு படம் போட்டார். ஆட்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள். எங்கள் படகு வாரத்தில் மூன்று நாள் கட்டியே கிடந்தது. ஒருநாள் ரவின் என்று ஒரு தம்பி வந்தார். சட்டை முழுக்கத் தூண்டில் கம்பெனிகளின் பெயர்கள். போட்டிகளுக்குப் போகிறவர்.

"அண்ணே, நீங்க எத்தனை டோர்னமெண்ட்?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

"சரி, உங்க பெரிய மீன் என்ன சைஸ்? நீங்களே பிடிச்சது?"

யோசித்தேன். பதினெட்டுக் கிலோ கெராப்பு, அதாவது களவா, எங்கே கிடந்தது, எந்த நீரில் கடித்தது, பிடித்தவர் எப்படி அழுதார் என்றெல்லாம் சொல்ல முடியும். நானே பிடித்தது? கை நடுங்கிய பெரியவருடைய அந்தக் காலா மட்டும்தான்.

ரவின் நண்பனிடம் திரும்பி, "இவரு போட் டிரைவர் லா, ஆங்லர் இல்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஒரு விவரம்போலச் சொன்னார். அதனால்தான் குத்தியது.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதே கேள்வி. எனக்கு மீன் பிடிக்கத் தெரியுமா? இருக்கும் இடம் தெரியும். நேரம் தெரியும். கடிக்கவைக்கத் தெரியும். அதற்குப் பிறகு? ஐம்பத்தேழு வயதில் ஒரு ஆளுக்கு வரக்கூடாத சந்தேகம். வந்துவிட்டது.

கிள்ளானில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, வரப்போகும் முகத்துவாரப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். குழுவில் சேர்ந்தால் நாடு முழுக்கப் போட்டிக்குப் போகலாம். திரங்கானு, சபா, தாய்லாந்து கூட. இருபது வருடமாக ஒரே ஜெட்டியில் கட்டிக் கிடந்த கால் அரிக்க ஆரம்பித்தது.

அக்காவிடம் மறைக்கவில்லை. "ஜெயிச்சா போயிருவேன்க்கா" என்றேன்.

அவர் இரை இறால் இருந்த தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். "போட்டு வேணுமே. யாரு ஓட்டுறது?"

"யாரையாவது பாக்கணும்."

"நான் ஓட்டுறேன்."

முட்டி வலி என்று ஆட்களை ஏற்றி ஓட்டுவதை அவர் நிறுத்தி ஐந்து வருடமாகியிருந்தது. அவர் தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்:

"கடிச்சா என்ன பண்ணுவ?"

"என்னக்கா இது? இழுப்பேன்."

அவர் அடுத்த வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்.

மூன்று வாரம் பழகினேன். ஜெட்டி ஓரத்தில் நின்று, தண்ணீரில் மிதந்த ஒரு டின்னைக் குறிவைத்து வீசிக்கொண்டே இருந்தேன். முடிச்சுகளை மாற்றிப் பார்த்தேன். நீரோட்ட அட்டவணையை மனப்பாடம் செய்தேன். கடித்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் பழகவில்லை. அதில் என்ன பழக்கம் வேண்டும்? ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

போட்டி காலை ஏழிலிருந்து இரண்டு வரை. ஒவ்வொரு படகிலும் போட்டியாளர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், போட்டி நடத்துபவர்கள் அனுப்பும் கண்காணிப்பாளர் ஒருவர். எங்களுக்கு வந்தது நிஷா என்ற பெண். காஜாங்கில் ஏதோ அலுவலகத்தில் வேலை, தொண்டராக வந்திருந்தாள். கையில் அட்டையும் அளவு நாடாவும். முகத்தில் வாந்தி மாத்திரை போட்ட சோர்வு.

"அங்கிள், ஆன்டி, நான் கடலுக்கு வர்றதே ஃபர்ஸ்ட் டைம். மீனெல்லாம் தெரியாது. ரூல்ஸ் மட்டும் தெரியும்" என்றாள். அட்டையைப் பார்த்துப் படித்தாள்: "மீன் கடிச்சதுல இருந்து போட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வேற யாரும் ராடைத் தொடக் கூடாது. தொட்டா அந்த மீன் கேன்சல். வலை மட்டும் ஓட்டுறவங்க பிடிக்கலாம். ஓகேவா அங்கிள்?"

"ஓகே மா."

அக்கா அவள் கொக்கியை இழுத்துப் பார்த்தார். பிறகு வந்து என் கொக்கியையும் இழுத்தார். இருபது வருடத்தில் அதுதான் முதல்முறை.

காலை முழுக்க ஒன்றும் கடிக்கவில்லை. நான் கவலைப்படவில்லை. ஏறிய நீர் நின்று, இறங்கத் தொடங்குமுன் ஒரு இருபது நிமிடம் கடல் அசையாமல் நிற்கும். அன்று அது பன்னிரண்டு மணிக்கு மேல். சதுப்புக் காட்டு வளைவுக்குப் பின்னால், பழைய மீன்பொறி ஒன்றின் மரக்கம்புகள் தண்ணீருக்கடியில் உளுத்து நிற்கும் இடம் எனக்குத் தெரியும். சியாக்காப், அதாவது கொடுவா, அந்தக் கம்புகளின் நிழலில் காத்திருக்கும். நீர் நின்றதும் வெளியே வரும். மற்றப் படகுகள் தூரத்தில், கப்பல் வழியின் ஓரத்தில் இருந்தன. வளைவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மட்டும்.

அக்கா நான் காட்டுமுன்பே அந்த இடத்தில் நிறுத்தினார். நங்கூரத்தைச் சத்தமில்லாமல், கயிற்றை விரலுக்கிடையில் நழுவவிட்டு இறக்கினார். உயிர் இறாலின் கொம்புக்குக் கீழே, மூளையில் படாமல் முள்ளைக் கோத்து வீசினேன். டின்னில் விழுந்தமாதிரி நினைத்த இடத்தில் விழுந்தது. நிஷா என் இடது பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். என் ஆட்கள் எப்போதும் நிற்கும் பக்கம்.

விரலில் ஒரு தட்டு. இன்னொன்று. நுனியைத் தாழ்த்திக் கொடுத்தேன். நூல் மெல்ல நகர்ந்தது. மூன்று எண்ணினேன். வெட்டி இழுத்தேன்.

கம்பு அடிவரை வளைந்தது. ரீல் அலறியது. அப்படி ஒரு கனத்தை நான் அந்த வருடம் முழுக்கத் தொட்டதில்லை.

நான் இடது பக்கம் திரும்பினேன்.

"பிடிங்க மா, பிடிங்க. வயித்துல வச்சுக்குங்க. நுனியை மேல தூக்குங்க."

நிஷா அட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் அடியை ஊன்றிவிட்டேன். குனிந்து வலையை எடுத்தேன். வலையை உதறி விரித்தும் விட்டேன். அப்போதுதான் சுக்கான் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. மெதுவாக.

"தேவா."

நிமிர்ந்தேன். நிஷாவும் அதே நேரம்தான் உணர்ந்தாள்.

"அங்கிள்! நான் தொட்டுட்டேன்! ஐயோ, விட்டுறவா?"

"விடாத!" என்று நானும் அக்காவும் ஒன்றாகக் கத்தினோம். அக்கா கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

நிஷா கம்பை என் பக்கம் நீட்டினாள். "வாங்கிக்குங்க அங்கிள், ப்ளீஸ். நான் எழுத மாட்டேன். யாரும் பாக்கல. என் தப்புதான்."

உண்மைதான், யாரும் பார்க்கவில்லை. வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு கொக்கு மட்டும் இருந்தது. கம்பு என் கைக்கு ஒரு சாண் தூரம். அந்த மீன் முதல் இடத்துக்கான மீன் என்று எனக்குத் தெரியும். சபா தெரிந்தது, தாய்லாந்து தெரிந்தது, ரவினின் முகம் தெரிந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நங்கூரக் கயிற்றை மிதவையோடு கழற்றி எறிந்துவிட்டு, நூல் போகும் திசையைப் பார்த்து, மரக்கம்புகளிலிருந்து விலகும்படி படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். எந்தக் கஸ்டமரின் மீனுக்கும் செய்வதுபோல. முடிவு என்னுடையது என்று விட்டுவிட்டார்.

நிஷாவின் கையைப் பார்த்தேன். நடுங்கியது. பயத்தில் இல்லை. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு உயிர் இழுக்கிறது என்று முதல்முறையாக உடம்புக்குத் தெரியும்போது வரும் நடுக்கம். அது வந்த கையிலிருந்து கம்பைத் திரும்ப வாங்குவதில்லை. எங்கள் ஜெட்டியில் அது வழக்கம் இல்லை.

பிறகு சிலர் நேர்மை என்று சொன்னார்கள். நான் நேர்மையை நினைக்கவே இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

"ரீலைச் சுத்தாத மா. இப்ப அது ஓடட்டும்" என்றேன். "நின்னதும் சொல்றேன். ஆ, இப்ப. நுனியத் தூக்கு. தாழ்த்தும்போது சுத்து. அவசரமில்ல."

அக்காவின் கடிகாரப்படி பதினொரு நிமிடம். மீன் இரண்டு முறை தண்ணீரைவிட்டு எழும்பித் தலையை உதறியது. ஒவ்வொரு முறையும் நிஷா "அம்மா!" என்றாள். மூன்றாவது முறை பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. வெள்ளித் தட்டு. வலையில் அள்ளினேன். நிஷா படகின் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

அக்கா ஃபோனை எடுத்தார். "மீனைப் பிடி மா." நிஷாவால் தூக்க முடியவில்லை. நான் வாலுக்குக் கீழே கை வைத்தேன்.

எடை போடும் மேசையில் நிஷா நடந்ததைத் தானே சொன்னாள். நான் சொல்கிறேன் என்றேன், விடவில்லை. தராசில் ஒன்பது கிலோவுக்கு மேல் நின்றது. அன்று முதல் பரிசு வாங்கிய மீன் ஆறு. நடுவர் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, தாளில் ஒரு கோடு போட்டார். சுற்றி நின்றவர்களுக்கு விஷயம் பரவியது. ரவினும் இருந்தார்.

"என்னண்ணே, டோர்னமெண்ட்லயும் சர்வீஸா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது சிரிப்புக்குரியதுதான். ரவின் மட்டும் சட்டென்று நிறுத்திக்கொண்டு, மீனிடம் போய் அதன் முதுகுத் துடுப்பை விரித்துப் பார்த்தார். "எந்த இடத்துல நின்னீங்கண்ணே?" என்று கேட்டார். சொல்லவில்லை. கடை முதலாளி கைகொடுத்துவிட்டுப் போனார். குழுவைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பும்போது படகில் நானும் அக்காவும் மட்டும்.

"உங்களுக்குத் தெரியும் இல்ல, இப்படி ஆகும்னு?"

"தெரியும்."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ கையையே நினைச்சுக்கிட்டு மீனை விட்டிருப்ப. அப்புறம், அக்கா சொன்னதாலதான் போச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டிருப்ப."

கொஞ்ச தூரம் போனதும் நான் சொன்னேன். "எனக்கு இன்னும் தெரியாதுக்கா. எனக்குப் பிடிக்க வருமான்னு."

எஞ்சின் சத்தத்தில் கேட்டதா என்று தெரியவில்லை. ஜெட்டியில் படகைக் கட்டி, உப்புத் தண்ணீர் போகக் கழுவினோம். கிளம்பும்போது அவர், "செவ்வாய்க்கிழமை ஒரு கஸ்டமர். ஆறு பத்து" என்றார்.

செவ்வாய்க்கிழமை போனேன். ஜெட்டியில் யாரும் இல்லை. அக்கா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய் மூடியை முகர்ந்துகொண்டிருந்தார்.

"கஸ்டமர் எங்கக்கா?"

கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு பத்தாச்சு. ஏறு."

என் கொக்கியை இழுத்துப் பார்த்தார். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கஸ்டமர்கள் கேட்பதில்லை. ஆற்று வாயில் ஒரு சேற்றுத் திட்டின் அருகே நிறுத்தினார். இரை கோத்தார், வீசினார், கம்பைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய இடது பக்கம் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருபது வருடம் என் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கும்.

நுனி ஒருமுறை குனிந்தது. அக்கா வெட்டி இழுத்தார். திரும்பினார்.

"பிடி" என்றார்.

வாங்கினேன். கம்பின் அடியை என் வயிற்றில் ஊன்றிவிட்டார்.

பெரிய மீன் இல்லை. டூரிதான், சேற்றுக் கெளுத்தி. என்றாலும் அந்தப் பக்கம் ஒன்று இழுத்தது, நான் இந்தப் பக்கம் இழுத்தேன். நுனியை மேலே தூக்க வேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன். அக்கா ஞாபகப்படுத்தினார். ரீலைத் தப்பான நேரத்தில் சுற்றினேன். அதையும் சொன்னார். கை நடுங்கியது. ஒரு நிமிடம் கூட அவர் கம்பைத் தொடவில்லை.

போட்டிக்குப் போகலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: போங்க. நான் அதன் பிறகு போகவில்லை. குழுவும் இல்லை, சபாவும் இல்லை. வேலையில் இருந்த கடைசி நான்கு வருடமும் அந்த ஜெட்டியில்தான். ஆட்கள் பழையபடி வந்தார்களா என்றால், கொஞ்சம் வந்தார்கள். நிஷா தன் அலுவலகத்தையே கூட்டிவந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா எடுத்த படம் என் ஃபோனில் இருக்கிறது. குழுவில் இன்று போடுகிறேன். வாய் பிளந்து நிற்கும் ஒரு கிழவன், கையில் அசிங்கமான ஒரு கெளுத்தி. படம் கோணலாக இருக்கும். ஒரு கையால் எடுத்தது. இன்னொரு கை படத்தில் இருக்கிறது. மீனின் வாலுக்குக் கீழே, கடிகாரத்தை உட்புறமாகத் திருப்பிக் கட்டியிருக்கும் கை.